எடை மட்டும்

— போடலைன்னா போடலைதான், டீச்சரம்மா. சத்தியம் வேணுமா? இந்த அகப்பை மேல அடிச்சுச் சொல்றேன். பைபிளைவிட இதைத்தான் நான் அதிகம் தொட்டிருக்கேன்.

— சத்தியமெல்லாம் வேண்டாம், டைசனம்மா. சரியாச் சொல்லணும்னா, உங்க மேல பழி போட நான் இறங்கி வரலை. எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். லெட்டி ஹெய்குக்கு இந்தச் சமையலறையிலிருந்து ஒரு வாய் ரொட்டியாவது போச்சா?

— ஒரு துணுக்குகூடப் போகலை.

— அப்போ இந்தத் தாளைப் பாருங்க. ஏப்ரல்ல முதல் எடை, நாற்பத்தேழு பவுண்டு. மே மாசம் பாதி வரைக்கும் அப்படியேதான் கிடந்தா. அதுக்கப்புறம் புதன்கிழமைக்குப் புதன்கிழமை ஏறிக்கிட்டே போகுது. இன்னிக்குக் காலையில ஐம்பத்தொண்ணு. இங்க தினமும் உட்கார்ந்து உங்க கையால சாப்பிடுற நாற்பது பிள்ளைங்கள்ல ஒண்ணுகூட இவ்வளவு ஏறலை. இவளோ எடை மட்டும் பட்டியல்ல இருக்கிறவ!

— ஏறினா நல்லதுதானே? பிள்ளை சதை போட்டா யாராவது மூக்கைச் சிந்துவாங்களா?

— நான் சிந்தறேன், டைசனம்மா. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை.

— உட்காருங்க முதல்ல. அந்த முக்காலியில வேண்டாம், அதுக்கு ஒரு கால் பொய்க்கால். பெஞ்சுல உட்காருங்க. பன்னிரண்டு மணி அடிக்கிறதுக்கு இன்னும் அரைமணி இருக்கு. குழம்பு கொதிக்கட்டும், நீங்க பேசுங்க.

— வெள்ளிக்கிழமை சாயங்காலம் டவுன் ஹால்ல நம்ம பள்ளிக்கூட டாக்டர் எழுந்து நிக்கப் போறார். நாற்பது பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போட்டோம், எடை ஏறுச்சு. நாற்பது பிள்ளைங்களுக்குப் போடலை, எடை மட்டும் பார்த்தோம், ஏறலை. ஆகவே இந்த ஊர்ல வெறும் வயித்தோட பள்ளிக்கூடம் வர்ற அத்தனை பிள்ளைங்களுக்கும் சாப்பாடு போடுங்கன்னு கேட்கப் போறார். லண்டன்ல சட்டமே போட்டாச்சு. நம்ம கவுன்சில்தான் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு.

— கவுன்சில்ல இருக்கிற அந்த மோர்ட்டன் கிழவர்தானே தடுக்கிறது? பிள்ளைக்கு நாம ஊட்டினா அப்பன் அந்தக் காசுக்குக் குடிப்பான்னு சொன்னாரே, அவரு தொப்பையைத் தராசுல ஏத்தினா தராசு உடைஞ்சு போகும்.

— அவரேதான். அவர் தாளை வாங்கி ஒவ்வொரு பேரா விரல் வெச்சுப் பார்ப்பார். லெட்டி ஹெய்குன்னு வரும்போது சிரிப்பார். "பார்த்தீங்களா, சாப்பாடு போடாத பிள்ளைதான் இந்த ஊர்லயே நல்லா வளருது"ன்னு சொல்வார். சபையே சிரிக்கும். அதோட முடிஞ்சுது. இந்த அடுப்பையும் அணைச்சுடுவாங்க.

— அணைச்சுடுவாங்களா?

— வெள்ளிக்கிழமையோட.

— ...ஏன் டீச்சரம்மா, பேரை அடிச்சுட்டா என்ன? ஒரு கோடு இழுத்தா யாருக்குத் தெரியும்?

— காரணம் இல்லாம அடிக்க முடியாது. "சமையல்காரி ரகசியமா ஊட்டினாள், அதனால இந்தப் பேர் நீக்கப்பட்டது"ன்னு எழுதலாம். அப்போ பட்டியல் தப்பிக்கும். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்.

— ஓ. அப்போ நான் செஞ்சிருந்தா உங்களுக்கு நல்லது!

— ஆமா. வெட்கமாத்தான் இருக்கு, ஆனா ஆமா. உங்க வேலை போகாம நான் டாக்டர்கிட்ட மன்றாடுவேன்.

— சரி, எழுதிக்குங்க. நான்தான் போட்டேன்னு எழுதிக்குங்க.

— போட்டீங்களா?

— இல்லை. ஆனா எழுதிக்குங்க.

— டைசனம்மா, நான் பொய் எழுத மாட்டேன்.

— அதான் தெரியுமே. உங்க முகத்திலேயே கோடு போட்ட நோட்டு மாதிரி நேர்மை. கேளுங்க, கண்ணு. போட்டிருக்கணும். அந்தப் பிள்ளை ரெண்டாவது வாரம் இதோ இந்த ஜன்னலுக்கு வெளியில வந்து நின்னுச்சு. நமக்குத் தெரு தலைக்கு மேல இல்லையா, அதனால எனக்கு முதல்ல தெரிஞ்சது ரெண்டு மரச்செருப்பு, ரெண்டு குச்சிக் காலு. அப்புறம் குனிஞ்சு கம்பிக்குள்ள முகத்தை வெச்சு, "வாசனை நல்லாயிருக்கு, டைசனம்மா"ன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான். கேட்கலை. கையை நீட்டலை.

— நீங்க என்ன பண்ணினீங்க?

— "நீ எடை மட்டும் பட்டியலாச்சே, கண்ணு, வீட்டுக்குப் போ"ன்னு ஜன்னலைச் சாத்திட்டேன்.

— அதுதானே விதி.

— விதிதான். பட்டியல் பிள்ளைக்கு ஒரு வாய் போட்டாலும் அன்னிக்கே வேலை போயிடும்னு மொத நாளே சொன்னாரு டாக்டரு. எனக்கு வேலை போனா என்ன ஆகும் தெரியுமா உங்களுக்கு? சம்பளத்தைச் சொல்லலை. சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமை நான் என்ன பண்றேன்னு கேளுங்களேன்.

— என்ன பண்றீங்க?

— ஒரு உருளைக்கிழங்கை வேகவெக்கிறேன். ஒண்ணே ஒண்ணு. அதைச் சட்டியில போட்டா சத்தம் வரும் பாருங்க, டொக்குன்னு. வீடு பூரா கேட்கும். எங்க வீட்டுக்காரரு கம்பளி பிரிக்கிற வேலையில நெஞ்சுல நோவு வந்து செத்துப்போய் ஆறு வருஷமாச்சு. பையன் கனடாவுல மரம் வெட்டறான். ரெண்டு வருஷமாக் கடுதாசி இல்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்பாங்க. நாற்பது பேருக்கு ஊட்டறேன், அவன் அங்க வளரட்டும்னு நினைச்சுக்கறேன். இந்த நாற்பது வாயும் தினம் வந்து "இன்னிக்கு என்ன, டைசனம்மா?"ன்னு கத்துதே, அதை விட்டுட்டு நான் எங்க போவேன்? அதுக்காகத்தான் ஜன்னலைச் சாத்தினேன். நல்லவளா இருந்து சாத்தலை. பயந்து சாத்தினேன்.

— எனக்கும் ஞாயித்துக்கிழமை பிடிக்காது. வீட்டுக்காரம்மா மேசையில ஒரு தட்டை வெச்சுட்டுப் போயிடுவாங்க. எதிர்ல கடியாரம் மட்டும்தான்.

— கடியாரமாவது பேசுமே.

— அதுவும் நின்னு போச்சு. சரி, அந்தப் பிள்ளை அப்புறம் வரலையா?

— வராம? தினம் வரும். ஆனா எனக்கு மனசு ஆறிப்போச்சு. ஏன்னா வீட்டுல அவளுக்கு நல்ல சாப்பாடு. அவ அம்மா ஒரு சமையல் புலி, டீச்சரம்மா!

— மிஸஸ் ஹெய்கா? அவங்க ஆலையில துணி பழுது பார்க்கிறவங்களாச்சே. நாளெல்லாம் ஊசியோட உட்கார்ந்து, நெசவுல விழுந்த ஓட்டையை மூடணும். அவங்களுக்குச் சமைக்க நேரம் ஏது?

— அதையேதான் நானும் நினைச்சேன். ஆனா கேளுங்க. செவ்வாய்க்கிழமை வந்து நிப்பா. "நேத்து வீட்டுல என்ன, கண்ணு?"ன்னு கேட்பேன். "பட்டாணி சூப்பு, பன்றிக்கால் எலும்பு போட்டது"ம்பா. புதன்கிழமை கேட்டா, "ஆட்டுக்கறியும் மாவுருண்டையும்"பா. வியாழக்கிழமை, "மீனும் வெங்காயமும், அப்புறம் பால்ல வேகவெச்ச அரிசி, மேல ஜாதிக்காய்த் தூள்"னு நாக்கைச் சப்புக் கொட்டிச் சொல்வா. ஜாதிக்காயாம்! எனக்கே பொறாமை வந்துடுச்சு.

— நீங்களும் திங்கக்கிழமை பட்டாணி சூப்புதானே வைக்கிறீங்க?

— ஆமா. செவ்வாய்க்கிழமை ஆட்டுக்கறி. அதுதான் வேடிக்கை. நான் என்ன ஆக்கினாலும் அன்னிக்கே அவ அம்மாவும் அதையே ஆக்கறா! பிள்ளை வீட்டுல போய்ச் சொல்லி ஆக்கச் சொல்றாளோ என்னவோ. எப்படியோ வயிறு நிறையுதேன்னு இருந்துட்டேன். எடை ஏறினதுக்கும் அதான் காரணம், போய் உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க. தாய் கை மணம்.

— டைசனம்மா, ஒரு ஆலைக்காரி வாரத்துல அஞ்சு நாள் கறியும் மீனும் ஆக்க முடியுமா? அப்படி முடியற வீட்டுப் பிள்ளையா இருந்தா நான் பட்டியல்லயே சேர்த்திருக்க மாட்டேனே. பசியால வகுப்புல மயங்கி விழுந்த பிள்ளைங்களைத்தான் ரெண்டு பட்டியலுக்கும் எடுத்தோம்.

— யாரு எந்தப் பட்டியல்னு பிரிச்சது யாரு?

— நான்தான். எண்பது பேரை வரிசையா எழுதி, ஒண்ணு விட்டு ஒண்ணு. கோர்டன் சாப்பிடணும், ஹெய்கு சாப்பிடக் கூடாது, ஹாரிஸ் சாப்பிடணும். எனக்குப் பிடிச்சவங்களை நான் சாப்பாட்டுல போட்டேன்னு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க. நியாயமா இருக்கட்டும்னு அப்படிச் செஞ்சேன்.

— நியாயம்தான். ஒரு பேரு முன்னால பிறந்திருந்தா கறி கிடைச்சிருக்கும்.

— குத்திக் காட்டாதீங்க.

— உங்களைக் குத்தலை, கண்ணு. ஜன்னலைச் சாத்தினவ நான். ...அதோ பாருங்க, வந்தாச்சு. ரெண்டு மரச்செருப்பு. இன்னிக்குச் சீக்கிரமே வந்துட்டா.

— கூப்பிடுங்க. இங்கேயே, உங்க உருளைக்கிழங்கு மூட்டைத் தராசுல, என் கண் முன்னால இன்னொரு தடவை நிறுத்துப் பார்க்கிறேன்.

— லெட்டி! அடி லெட்டி! பின்பக்கமாப் படியிறங்கி வா. பயப்படாதே, திட்ட மாட்டாங்க.

— வந்தேன், டைசனம்மா. குட்மார்னிங், மிஸ்.

— லெட்டி, இதுல ஏறி நில்லு. செருப்பைக் கழட்டிடு.

— காலையிலேயே நின்னேனே, மிஸ்.

— இன்னொரு தடவை. மேல் கவுனையும் கழட்டும்மா. இங்க பொம்பளைங்க மட்டும்தான், அடுப்பு வேற எரியுது, குளிராது.

— மாடியில உடுப்பைக் கழட்டச் சொல்லமாட்டீங்களே, மிஸ். செருப்பை மட்டும்தானே.

— அங்க டாக்டர் இருக்கார், பையன்கள் இருக்காங்க, அதனால சொல்றதில்லை. இங்க என்ன வெட்கம்?

— வேண்டாம், மிஸ்.

— அட, நான் அவிழ்க்கிறேன், விடுங்க. கையைத் தூக்கு, கண்ணு. ஆங். இப்போ அந்த உள்பாவாடை... ஐயோ சாமி! என்னடி இது, இவ்வளவு கனம்? டீச்சரம்மா, இதைப் பிடிங்களேன். கம்பளியா, கல்லா?

— விளிம்பு முழுக்க ஏதோ வெச்சுத் தைச்சிருக்கு. கத்தரிக்கோல் குடுங்க.

— பிரிக்காதீங்க, மிஸ்! மறுபடி தைக்க ரொம்ப நேரமாகும்!

— இரும்பு. எல்லாம் இரும்பு. ஆணி, மரை, சங்கிலித் துண்டு... ஆலை முற்றத்துல கிடக்கிற ஓட்டை உடைசல். வாரத்துக்கு ஒண்ணு. அதான் படிக்கட்டு மாதிரி ஏறியிருக்கு! எந்தப் பிள்ளையும் இப்படி ஒரே அளவா வளராதேன்னு எனக்கு அப்பவே தோணியிருக்கணும். லெட்டி, ஏப்ரல்ல மாதிரியே துணியோட நிக்கணும், கவுனையும் பாவாடையையும் தோள்ல போட்டுக்கிட்டு இப்போ ஏறி நில்லு. கையைத் தொங்க விடு.

— என்ன காட்டுது? எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது.

— நாற்பத்தஞ்சு.

— நாற்பத்தஞ்சா! ஏப்ரல்ல இருந்ததுக்கும் குறைச்சலா?

— ரெண்டு பவுண்டு குறைச்சல்! டைசனம்மா, குறைஞ்சிருக்கு! நம்ம பட்டியல் தப்பிச்சுது! மோர்ட்டன் இனி என்ன சொல்ல முடியும்? சாப்பாடு போடாத பிள்ளை தேய்ஞ்சு போயிருக்குன்னு...

— டீச்சரம்மா.

— என்ன?

— பிள்ளை முன்னால சிரிக்கிறீங்க.

— ...மன்னிச்சுக்கோ, லெட்டி. கவுனைப் போட்டுக்கோ. நடுங்குறியே. இங்க அடுப்புகிட்ட வா.

— ஏன்டி கண்ணு, எதுக்கு இந்த வேலை? அம்மாவா தைச்சுக் குடுத்தா?

— ஆமா, டைசனம்மா. அம்மாதான்.

— பொய். உங்க அம்மா துணி பழுது பார்க்கிறவ. அவ போட்ட தையல் முதலாளி கண்ணுக்கே தெரியாது, அதுக்குத்தானே அவளுக்குக் கூலி. இது கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கு. யாரு தைச்சது?

— நான்.

— எதுக்கு?

— எடை குறைஞ்சா தொப்பி வெச்ச அம்மா வீட்டுக்கு வருவாங்க. எங்க வகுப்பு சாலி வீட்டுக்கு வந்தாங்களே, அலமாரியெல்லாம் திறந்து பார்த்தாங்களாம். அப்புறம் சாலியையும் தம்பியையும் அநாதை விடுதிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க வீட்டுக்கு யாரும் வர வேண்டாம்.

— அசடே! அந்தம்மா வீடு வீடாப் பார்க்க வர்ற அதிகாரி, பிள்ளையை இழுத்துக்கிட்டுப் போறவங்க இல்லை. சாலிக்கு வீட்டுல பெரியவங்களே இல்லை, அதனால கூட்டிட்டுப் போனாங்க. உனக்குத்தான் அம்மா இருக்காங்களே.

— சரி, மிஸ்.

— இந்தா, இந்தத் தட்டைப் பிடி, கண்ணு. மீனும் வெங்காயமும், பக்கத்துல பால்ல வெந்த அரிசி. சூடா இருக்கு, ஊதிக்கோ.

— நில்லுங்க, டைசனம்மா. குடுக்காதீங்க.

— என்னது?

— வெள்ளிக்கிழமை காலையில கடைசி எடை. டாக்டர் முன்னால இவளை இரும்பு இல்லாம நிறுத்தி, நாற்பத்தஞ்சுன்னு காட்டணும். இன்னிக்கும் நாளைக்கும் இங்க சாப்பிட்டான்னு தெரிஞ்சா, நாம பட்டியல்ல கையை வெச்சோம்னு ஆயிடும். ஏற்கெனவே ஐம்பத்தொண்ணுன்னு எழுதின தாளைத் திருத்தறேன். ஒரு பொட்டு சந்தேகம் வந்தாலும் எல்லாம் போச்சு.

— தட்டு கையில இருக்கு, டீச்சரம்மா. பிள்ளை பார்த்துக்கிட்டு நிக்குது.

— எனக்குக் கண் இல்லையா? ரெண்டே நாள். ரெண்டு நாள் பொறுத்தா இந்த ஊர்ப் பிள்ளைங்க எல்லாருக்கும் வருஷம் பூரா சாப்பாடு. உங்க அடுப்பும் எரியும். இவளும் திங்கக்கிழமையிலிருந்து இந்தப் பெஞ்சுல உட்காருவா. நான் கல்நெஞ்சுக்காரி இல்லை, டைசனம்மா. ஆனா இவளுக்காக எல்லாரையும் விட முடியுமா?

— எனக்கு வேண்டாம், டைசனம்மா. மிஸ் சொல்றது சரிதான். நான் வீட்டுலயே சாப்பிட்டுக்கறேன்.

— பாருங்க, அவளுக்கே புரியுது. அம்மா ஆக்கி வெச்சிருப்பாங்க. எவ்வளவு இருந்தாலும் இல்லாட்டியும், தாய் இருக்கிற வீட்டுல பிள்ளை ரெண்டு நாள்ல செத்துப் போயிடாது.

— ...சரி. அதுவும் வாஸ்தவம்தான். தாய் இருக்கா. போ, கண்ணு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வா, டவுன் ஹால்ல என்ன சொன்னாலும் சரி, உனக்குன்னு ஒரு தட்டு தனியா மூடி வைப்பேன். இந்தா, உன் பாவாடை. இரும்பெல்லாம் இங்கயே கிடக்கட்டும்.

— அதுல ரெண்டு மட்டும் எனக்கு வேணும், டைசனம்மா.

— எதுடி?

— அந்த வளைஞ்சது ரெண்டும். இந்த வாரம் வெச்சது.

— இதா? இது மரச்செருப்புக்கு அடியில அடிக்கிற லாடமாச்சே. ஆலை முற்றத்துல இது எப்படிக் கிடைச்சுது? டீச்சரம்மா, இதைப் பாருங்க, பொம்பளை செருப்பு அளவு. இடது குதி ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு. ...லெட்டி, இது யாரோடது?

— அம்மாவோடது.

— அம்மா செருப்பு லாடத்தையா பிடுங்கினே? அப்போ அவ எதைப் போட்டுக்கிட்டு ஆலைக்குப் போறா?

— போறதில்லை.

— வேலை இல்லையா? வீட்டுலயா இருக்கா?

— இல்லை.

— லெட்டி, என் முகத்தைப் பாரு. நேத்து ஆட்டுக்கறியும் மாவுருண்டையும் சாப்பிட்டேன்னு இப்போ ஜன்னல்ல வந்து சொல்லியிருப்பியே, அதை ஆக்கினது யாரு?

— நீங்க.

— அதுக்கு முன்னாடி நாள்? பட்டாணி சூப்பு?

— நீங்கதான். வாசனையை வெச்சுக் கண்டுபிடிப்பேன். ஜாதிக்காய் மட்டும் என்னன்னு தெரியலை, ஹாரிஸ் சொன்னான்.

— டைசனம்மா, தட்டை அவ முன்னால வைங்க.

— வெள்ளிக்கிழமை எடை?

— தட்டை வைங்கன்னு சொல்றேன்! லெட்டி, இங்க உட்காரு. என் பக்கத்துல. அம்மா எங்கேம்மா?

— மே மாசம் ஜுர ஆஸ்பத்திரிக்கு வண்டியில கூட்டிக்கிட்டுப் போனாங்க. நாங்க குடி வந்தது புதுத் தெரு, அங்க எங்களை யாருக்கும் தெரியாது. யாராவது கேட்டா ராத்திரி வேலைக்குப் போயிருக்காங்கன்னு சொல்லுன்னு அம்மாதான் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் ஜன்னல் வழியாப் பார்க்க விடுவாங்க. போன ஞாயித்துக்கிழமை போனேன், மிஸ். அந்தக் கட்டில்ல வேற யாரோ படுத்திருந்தாங்க.

— கடவுளே.

— அப்புறம் ஒரு நர்ஸம்மா வந்து செருப்பைப் பொட்டலமாக் கட்டிக் கையில குடுத்தாங்க.

— என்ன சொன்னாங்க, கண்ணு? உன்கிட்ட என்ன சொன்னாங்க?

— "வெளியில உன்னோட வந்த பெரியவங்க யாராவது நிப்பாங்க, அவங்களைக் கூட்டிக்கிட்டு வா, அவங்ககிட்டதான் சொல்லணும்"னாங்க. நான் வெளியில வந்து பார்த்தேன், டைசனம்மா. யாரும் இல்லை.